எட்டு ஜிபியில் நான்கு குடித்தனம்

மென்பொருள் அட்டைப்பெட்டியில் வந்த காலத்தில், பெட்டியின் முன்பக்கப் படத்தை நான் பார்ப்பதே இல்லை. நேராகப் பின்பக்கம் திருப்பி, கீழ் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு பத்திகளைத்தான் படிப்பேன். இது ஓடுவதற்குக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும் என்பது ஒன்று. என்னென்ன இருந்தால் நன்றாக ஓடும் என்பது இன்னொன்று. பிராசசர் இன்ன வேகம், மெமரி இவ்வளவு, டிஸ்க்கில் காலி இடம் இவ்வளவு, சி.டி. டிரைவ் ஒன்று, மவுஸ் ஒன்று. மவுஸையும் ஒரு தேவையாக எழுதியிருப்பார்கள். அதைப் படிக்கும்போது எனக்குப் பெரிய நிம்மதியாக இருக்கும். உலகத்தில் வேறு யாரும் தனக்கு என்ன வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே சொல்வதில்லை.

என் அக்கா அப்போது ஒருநாள் நான் உரக்கப் படித்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பொண்ணு பாக்க வந்தவங்க கேக்குற மாதிரி இல்ல கேக்குது. மவுஸு இருக்கா, மெமரி இருக்கா, வண்டி போடுவீங்களான்னு."

தஞ்சாவூரில் கீழவாசல் பக்கம் ஒரு ஒடுக்கமான கடையை அக்காவும் நானும் சேர்ந்து நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. நீளவாக்கில் ரயில்பெட்டி மாதிரி இருக்கும் கடை. முன்பாதி என் பிரவுசிங் சென்டர். பின்பாதி அக்காவின் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. பொங்கல் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை திறந்தோம். தேதி, நேரம், அன்று வந்த முதல் வாடிக்கையாளர் யார் என்பதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். குறித்து வைப்பது என் சுபாவம். எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், புது ஆற்றின் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி பேப்பரில் வந்து, எங்கள் ஏரிக்கு அந்தத் தண்ணீர் வந்து சேரும் நாள் என்ன என்று வருஷாவருஷம் எழுதுகிறேன். யாரும் கேட்டு எழுதுவதில்லை. கல்லூரி நூலகத்தில் வேலைக்குப் போன பிறகு இது இன்னும் முற்றிவிட்டது.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைப்பேசிக் கவர் விற்கிறார்கள். ஆனால் கண்ணை மூடினால் அதன் சத்தம் எனக்குக் கேட்கும். முன்பாதியில் தொலைபேசி வழி இணைப்பு பிடிக்கும் கீச்சொலி. பின்பாதியில் தையல் தலை இறங்கி ஏறும் தடதடப்பு. அதிராம்பட்டினத்திலிருந்து படிக்க வந்த பையன்கள் வளைகுடாவில் இருக்கும் வாப்பாவிடம் பேச வருவார்கள். ஹெட்போனில் ஒரு பக்கம்தான் கேட்கும். அதனால் எல்லோரும் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டே பேசுவார்கள். தேர்வு முடிவு வரும் நாளில் வாசல்வரை கூட்டம் நிற்கும். யாருடைய எண்ணை அடித்தாலும் பின்பாதியில் தையல் சத்தம் நின்றுவிடும். அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "என்னடா, பாஸா?" என்பாள். பாஸ் என்றால்தான் மறுபடி தடதடப்பு தொடங்கும். ஃபெயில் என்றால் அந்தப் பிள்ளையைப் பின்னால் கூப்பிட்டு உட்காரவைத்து டீ சொல்வாள்.

இந்தக் கடைக்கு வந்த ஒரு கல்யாணப் பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியை. லுத்தரன் சபைக் குடும்பம். சந்தன வெள்ளைப் பட்டு ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்து, முதுகிலும் கையிலும் கோதுமைக் கதிரும் திராட்சைக் கொத்தும் வேண்டும் என்றார். சபைக் கோவிலில் திருவிருந்து மேசை விரிப்பில் அப்படி ஒரு வேலைப்பாடு இருக்குமாம். அக்கா சரி என்று சொல்லிவிட்டாள்.

திராட்சை சுலபம். மார்க்கெட்டில் ஒரு கொத்து வாங்கிவந்து மேசையில் வைத்துக்கொண்டு திரையில் வரைந்தாள். இதற்குப் பஞ்சிங் என்று பெயர். எந்த இடத்தில் ஊசி இறங்க வேண்டும், எந்தப் பக்கம் நூல் சாய வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகக் கணினிக்குச் சொல்லிக் கொடுப்பது. கோதுமையை அக்கா ரவையாகவும் மாவாகவும் மட்டுமே பார்த்திருந்தாள். நானும்தான். "கதிர்னா கதிர்தானே" என்று, தை அறுவடைக்கு ஊருக்குப் போனபோது எங்கள் வயலிலிருந்து ஒரு கதிரை ஒடித்து வந்தாள். அதை ஸ்கேனரில் வைத்து, அதன் மேலேயே தையல்களை அடுக்கினாள். கதிர் முற்றியது. மணி கனத்து இடப்பக்கம் வளைந்து தொங்கியது. ரவிக்கை முதுகில் இரண்டு திராட்சைக் கொத்துக்கு நடுவே ஏழெட்டுக் கதிர்கள் அப்படியே தலை தொங்கி நின்றன.

கல்யாணம் முடிந்து மறுவாரம் ஆசிரியை கடைக்கு வந்தார். கையில் கேக் டப்பா. சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

"அக்கா, இது கோதுமை இல்ல. நெல்லு."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "என்ன டீச்சர் சொல்றீங்க?"

"கோதுமைக் கதிரு நட்டமா நிக்கும். மீசை இருக்கும். இது தொங்குது பாருங்க. போட்டோவுல என் முதுகப் பாத்துட்டு எங்க மாமியார்தான் கேட்டாங்க, ஏம்மா, அறுப்புக்கு நேரமாயிடுச்சு போலருக்கேன்னு."

"சொல்லியிருந்தீங்கன்னா பிரிச்சுத் தச்சுக் குடுத்திருப்பேனே…"

"எதுக்கு? அவங்களுக்கு அதுதான் புடிச்சிருக்கு. நம்ம வயல்ல வெளைஞ்சதுதானேன்னாங்க."

ஆசிரியை அன்றே அதை மறந்திருப்பார். அக்கா மறக்கவில்லை. ரொம்ப வருஷம் கழித்து, வடக்கே வேலையில் இருந்த மகளைப் பார்க்கப் போனபோது ரயிலிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். இரைச்சலில் முதலில் ஒன்றும் புரியவில்லை. "நிமுந்து நிக்குதுடா! ஊரு முழுக்க நிமுந்து நிக்குது!" என்று கத்தினாள். ஜன்னலுக்கு வெளியே கோதுமை வயல்.

கைப்பேசிகள் வந்ததும் முன்பாதியை மூடினேன். பின்பாதி மட்டும் அக்காவின் வீட்டு மாடிக்குப் போய், இன்றும் அங்கேதான் ஓடுகிறது. தையல் இயந்திரத்தை மாற்றிவிட்டாள். டிசைன் செய்யும் கணினியை மாற்றவில்லை. பச்சைப் புல்மேடும் நீல வானமும் திரையில் வருமே, அந்தக் காலத்துக் கணினி. அந்த டிசைன் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும். கூடவே விரல்நுனி அளவு ஒரு பூட்டுச்சாவி உண்டு. யு.எஸ்.பி. துளையில் அது செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். அக்கா அதற்கு மஞ்சள் கயிறு கட்டி வைத்திருந்தாள்.

இந்த வருஷம் ஆடி பிறந்த வாரத்தில் அந்த ஆசிரியை மகளைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். சிங்கப்பூரில் வேலை செய்கிற பெண். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, எனக்கு அம்மாவோட டிசைன்தான் வேணும். அந்த நெல்லு."

அம்மாவின் ரவிக்கை இருக்கிறதா என்று அக்கா கேட்டாள். இல்லை. புயலில் ஓடு பறந்த வருஷம் பீரோவுக்குள் தண்ணீர் புகுந்து, பக்கத்துப் புடவையின் சாயம் ஏறிக் குப்பைக்குப் போய்விட்டது. கல்யாணப் படங்களில் முதுகை முக்காடு மறைக்கிறது. மாமியார் பார்த்த ஒரே படம் எங்கே போனது என்று தெரியவில்லை. மாமியாரும் இல்லை. அக்கா அந்த நாளில் ஃப்ளாப்பியில் எடுத்து வைத்த நகலில் பூஞ்சை பிடித்திருந்தது. ஆக, அந்தக் கதிர்கள் இருப்பது பழைய கணினியின் டிஸ்க்கில் மட்டும்.

"அதுக்கென்ன, திறந்தா வந்துடப் போவுது" என்று அக்கா வாக்குக் கொடுத்தாள். அளவுக்கு ஒரு ரவிக்கையும் தைக்கத் துணியும் வாங்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை சுவிட்சைப் போட்டாள். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

என்னைக் கூப்பிட்டபோது அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"புதுசா வரைஞ்சுடலாமே அக்கா" என்றேன்.

"வரைய முடியாதுடா. இப்பப் போட்டா கோதுமையாத்தான் வரும். கண்ணு பாத்துடுச்சு. நெல்லாவே போட்டாலும் அது வேற நெல்லு. அந்தப் புள்ள கேக்குறது அவங்கம்மா முதுகுல இருந்தத."

கணினியைத் திறந்து பார்த்தேன். தாய்ப்பலகை போய்விட்டிருந்தது. அதற்கு மாற்று இனிக் கிடைக்காது. டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது. பழைய டிஸ்க்கைப் புதுக் கணினியில் அப்படியே சொருகினால் ஓடாது. ஆனால் புதுக் கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை உருவாக்கி, இதுதான் உன் பழைய வீடு என்று அந்த டிஸ்க்கின் நகலை நம்பவைக்கலாம். விர்ச்சுவல் மெஷின் என்பது அதுதான். அந்தப் பொய்க் கணினிகளைக் கட்டி மேய்க்க ஒரு மேலாண்மை மென்பொருள் உண்டு. இலவசமாகவே கிடைக்கிறது. அதை ஒரு பெட்டியில் நிறுவிவிட்டால், வீட்டில் எந்தக் கணினியிலிருந்தும் பிரவுசர் வழியே உள்ளே போய் வேலை பார்க்கலாம்.

பல வருஷத்துக்குப் பிறகு எனக்குப் பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்கும் வேலை வந்தது. இப்போது பெட்டி இல்லை, இணையப் பக்கம். ஆனால் பத்திகள் அதே இரண்டு. அறுபத்துநான்கு பிட் பிராசசர். அதில் விர்ச்சுவல் மெஷின்களைத் தாங்கும் வசதி. நெட்வொர்க் கார்டு ஒன்று. நிலையான முகவரி ஒன்று. டிஸ்க் வேகமான வகையாக இருந்தால் நல்லது. மெமரி குறைந்தபட்சம் இரண்டு ஜிபி, அதற்கு மேல் உள்ளே குடியேறும் ஒவ்வொன்றுக்கும் தேவையானது. இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என்னையறியாமல் குரல் எழும்பியிருக்க வேண்டும். அக்கா திரும்பிப் பார்த்து, "வண்டி போடுவீங்களான்னு கேளு" என்றாள்.

ஏதோ ஒரு அலுவலகம் கழித்துப் போட்ட கணினி ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தது. எட்டு ஜிபி மெமரி. நிறுவியதும் விர்ச்சுவல் மெஷின் ஓடாது என்று சொல்லிவிட்டது. பிராசசரில் வசதி இருந்தது, ஆனால் அதை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். கணினி கண் விழிக்கும்போதே ஒரு விசையை அழுத்தி உள்ளே போய், அதை எழுப்பிவிட வேண்டியிருந்தது. பிறகு டிஸ்க்கை நகலெடுத்துப் போட்டேன். பழுது என்று சொல்லும் நீலத்திரை வந்து நின்றது. பொய்க் கணினியின் டிஸ்க் இணைப்பைப் பழைய காலத்து வகைக்கு மாற்றினேன். திரை இருண்டது. பிறகு, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தத் தொடக்க இசை கேட்டது.

அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டாள்.

பச்சைப் புல்மேடு. நீல வானம். இடப்பக்கம் அவள் கோணல்மாணலாக வைத்திருந்த சின்னங்கள். புத்தம்புதுத் திரைக்கு நடுவில் ஒரு சின்னச் சதுரமாக அந்தக் காலம் உட்கார்ந்திருந்தது. அக்கா திரையில் ஒரு சின்னத்தைத் தொட்டு, "இந்த சீட்டுக்கட்டு ஆட்டம் இன்னும் இருக்கா?" என்றாள்.

பூட்டுச்சாவியைப் பொய்க் கணினிக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதைச் செய்துவிட்டு அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எட்டு ஜிபி இருந்தது. அக்காவுக்கு மட்டும் எதற்கு எட்டு என்று தோன்றிவிட்டது.

என் தண்ணீர்க் குறிப்புகளைத் தேடிப் பார்க்க வசதியாக ஒரு சின்ன அமைப்பு வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அதை ஒரு கன்டெய்னரில் வைத்தேன். அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், தேங்காய் வியாபாரம். பேராவூரணியில் தோப்பு இருக்கிறது. தோப்பில் மாட்டிய கேமராக்களின் படங்களைச் சேர்த்து வைக்க ஓர் இடம் கேட்டார். அதற்கும் ஒன்று. அவருக்கு இதை விளக்க வேண்டியிருந்தது.

"கன்டெய்னர்னா என்ன மாப்ள, லாரில போவுமே அதுவா?"

"இல்ல அத்தான். ஒரே வீடு, ஒரே சமையக்கட்டு, ஆளுக்கொரு ரூம்பு. அதான் கன்டெய்னர். விர்ச்சுவல் மெஷின்னா தனி வாசல், தனி அடுப்பு."

"அப்ப உங்க அக்கா தனிக்குடித்தனம் போயிட்டான்னு சொல்லு."

"அவரு ஆசையப் பாரு" என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

நான்காவதாக ஒன்று வைத்தேன். அது யாருக்கும் தேவையில்லாதது. பிரவுசிங் சென்டர் மூடிய அன்று அங்கிருந்த முதன்மைக் கணினியின் டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வந்திருந்தேன். அதையும் நகலெடுத்து ஒரு பொய்க் கணினியாக்கினேன். ஓடியது. திரையில் எங்கள் கடையின் பெயர், கீழே கட்டம்கட்டமாகக் கேபின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிகாரம். யாராவது உட்கார்ந்தால் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். மூன்றாம் கேபினுக்கு நேரே, "ஹெட்போன் பழுது" என்று நான் எழுதி வைத்த குறிப்புகூட அப்படியே இருந்தது. அதை அணைக்க மனசு வரவில்லை. ஒரு மூலையில் அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

"யாருடா வந்து உக்காரப் போறாங்க அதுல?" என்றாள் அக்கா.

நான் மெமரியைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தேன். நான்கு குடித்தனம், எட்டு ஜிபி. ஆளுக்கு இரண்டு. கணக்கு அவ்வளவு அழகாக வந்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. எங்கள் வாய்க்காலில் முறைத்தண்ணீர் பிரித்துக் கொடுத்தவர் அப்பா. யார் மடை எப்போது திறக்க வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்று பகலையும் இரவையும் நிலத்துக்குத் தக்கபடி பிரிப்பார். கடைசியில் ஒரு நிமிஷம் மிச்சம் இருக்காது. மிச்சம் வைத்தால் அந்த மிச்சத்துக்குச் சண்டை வரும். கடைமடையில் பிறந்தவன் யாரும் தண்ணீரில் மிச்சம் வைக்கத் துணியமாட்டான். நானும் வைக்கவில்லை.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் முற்பகல் ஆசிரியையும் மகளும் டிசைனைப் பார்க்க வந்தார்கள். அத்தானும் கேமராப் படம் பார்க்கும் சாக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அக்கா குளித்து, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு திரை முன் உட்கார்ந்தாள். மஞ்சள் கயிற்றுச் சாவியைப் பெட்டியில் செருகினேன். மென்பொருள் திறந்தது. பழைய டிசைன்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. அக்கா ஒவ்வொன்றாகத் தாண்டி, ஆசிரியையின் பெயரில் இருந்த கோப்பின்மேல் அம்புக்குறியை வைத்தாள். திரையில் முதல் திராட்சைக் கொத்து ஊதா நிறத்தில் விரியத் தொடங்கியது. இரண்டாவது கொத்து பாதி வந்தது.

சதுரம் மறைந்தது. புல்மேடு, திராட்சை எல்லாம் போய், "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

அத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார். "என் தேங்கா தெரியுது மாப்ள. கேமராவுக்கு ஒண்ணும் ஆவல."

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

மறுபடி எழுப்பினேன். இந்தத் தடவை இன்னும் சீக்கிரம் மறைந்தது. மகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஆசிரியை மெல்லச் சொன்னார்: "பரவால்லங்க. வேற டிசைன் ஏதாவது போட்டுக்கலாம். அவளுக்கு நான் சொல்லிக்கிறேன்."

"இல்ல டீச்சர்" என்றாள் அக்கா. "அரை மணி நேரம் குடுங்க. கீழ போயி காப்பி சாப்பிடுங்க." அவர்கள் படியிறங்கும்வரை காத்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நெல்லு போயிடுச்சா?"

"டிஸ்க்குல பத்திரமா இருக்கு அக்கா. வீடுதான் அணைஞ்சு போவுது."

"ஏன்?"

அதைத்தான் பெட்டியிடம் கேட்டேன். நடந்ததையெல்லாம் அது நேரத்தோடு பதிவு செய்து வைத்திருந்தது. அந்த விஷயத்தில் அது என் ஜாதி. பதிவு தெளிவாகச் சொன்னது: மெமரி தீர்ந்துவிட்டது. மேலாண்மை செய்கிற அமைப்புக்கே மூச்சுவிட இடமில்லை. தான் பிழைப்பதற்காக, உள்ளே இருப்பவற்றில் அதிகம் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று பார்த்து அதை நிறுத்திவிட்டது. அக்காவின் பழைய அமைப்பு கண் விழித்ததும் கொடுத்த இரண்டு ஜிபியையும் ஒரு தடவை துடைத்துப் பார்க்கிற வகை. கொடுத்ததையெல்லாம் தொட்டுவிட்டதால் அதுதான் பெரிய ஆளாகத் தெரிந்திருக்கிறது. அதனால் அதன் தலையில் கை வைத்திருக்கிறது.

அந்தக் குறைந்தபட்ச இரண்டு ஜிபி எதற்கு என்பதை நான் சரியாகப் படிக்கவில்லை. வாங்கும் பெட்டியில் இருக்க வேண்டிய அளவு என்று எடுத்துக்கொண்டேன். அது மேலாண்மை அமைப்பு தானே உட்கொள்ளும் அளவு. அப்பாவின் முறையையும் பாதிதான் ஞாபகம் வைத்திருந்தேன். முறை எழுதும் முன் அவர் வாய்க்காலை முதலில் குடிக்கவிடுவார். வெடித்துக் கிடக்கும் மண், தண்ணீர் வந்ததும் உறிஞ்சும். கரை நனைந்து, வாய்க்கால் நிறைந்து, தண்ணீர் நிலைத்து ஓடத் தொடங்கிய பிறகுதான் முதல் மடையைத் திறக்கச் சொல்வார். அதுவரை யார் வந்து கேட்டாலும், "இன்னும் வாய்க்காலுக்கே பத்தலங்க" என்பார். நான் வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் வைக்காமல் பிரித்திருந்தேன்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "அப்பாகிட்ட சொன்னா அடிச்சிருப்பாரு."

"உன்னோடதுக்கு உண்மையில அரை ஜிபி போதும். அந்தக் காலத்து சிஸ்டம். நான்தான் ரெண்டு குடுத்தேன்."

"சம பங்கா?"

"சம பங்கு."

"ஏன்டா, எனக்கு வேண்டிய அளவு என்னன்னு கேக்க மாட்டியா? அந்த அட்டைய அவ்ளோ சத்தமாப் படிச்சியே."

அக்காவின் பங்கை அரை ஜிபியாகக் குறைத்தேன். கேமராவுக்கும் ஒரு பகுதியைக் குறைத்தேன். என் தண்ணீர்க் குறிப்புகளை நிறுத்தினேன். அவை எங்கும் போய்விடாது. பெட்டிக்கு இப்போது ஓரளவு மூச்சு வந்தது. ஆனாலும் இரண்டு தடவை பட்டுவிட்டதால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மிச்சம் இருந்தது மூலையில் ஓடிய பிரவுசிங் சென்டர்.

அதைத் திறந்து பார்த்தேன். எல்லாக் கேபினும் காலி. எல்லாக் கடிகாரமும் பூஜ்யத்தில். மூன்றாம் கேபின், ஹெட்போன் பழுது. அதன் கீழே, கடை மூடிய அன்று கடைசியாக எழுந்து போனவரின் நேரம். அந்தக் கடைசி ஆள் யார் என்பதும் என் குறிப்பில் இருக்கிறது. வாப்பாவிடம் பேசி முடித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்து, "வர்றேங்க அண்ணே" என்று போன அதிராம்பட்டினத்துப் பையன். அவனுக்கும் எனக்கும் அது கடைசி நாள் என்று அவனுக்குத் தெரியாது.

அக்கா என் தோள்மேல் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். "டிஸ்க்குல இருக்குமில்ல?" என்றாள்.

"இருக்கும்."

"அப்ப மூடு. வேணுங்கறப்ப எழுப்பிக்கலாம்."

இரண்டாம் தடவையாகக் கடையை மூடினேன். இந்தத் தடவை ஷட்டர் சத்தம் இல்லை. பெட்டியின் விசிறி மட்டும் கொஞ்சம் இறங்கியது.

ஆசிரியையும் மகளும் மேலே வந்தபோது தொடக்க இசை முடிந்து புல்மேடு வந்திருந்தது. அக்கா கோப்பைத் திறந்தாள். ஒரு கொத்து, இரண்டாவது கொத்து, இலை, கொடி. பிறகு மஞ்சள் நூலில் ஒவ்வொரு மணியாகக் கதிர்கள் இறங்கத் தொடங்கின. எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, கனத்துத் தொங்கின. எங்கள் வயலில் எந்த மேட்டில் அது ஒடிக்கப்பட்டது என்றுகூட எனக்குத் தெரியும்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஆமா, இதுதான். அறுப்புக்கு நின்ன வயலு" என்றார்.

எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் கை மவுஸை நகர்த்தியது. ஓரத்தில் இருந்த ஒரு கதிரைப் பிடித்தாள். தண்டை இழுத்து நிமிர்த்தினாள். மணிகள் தானாக வரிசையில் ஏறின. நுனியில் நாலு நீளத் தையல் போட்டாள். மீசை. ரயில் ஜன்னலில் பார்த்தது. கச்சிதமான கோதுமை.

"டீச்சர், இப்ப எனக்குத் தெரியும்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எல்லாத்தையும் நிமுத்திக் குடுத்துடட்டா? ஒரு நாள் வேலைதான். அன்னிக்கு நீங்க கேட்டது இதுதான்."

ஆசிரியை பதில் சொல்வதற்குள் மகள் குறுக்கிட்டாள். "ஐயோ ஆன்ட்டி! அத நிமுத்தினீங்கன்னா நான் மாடியிலேந்து எறங்கவே மாட்டேன்."

"கோதுமைதானே கோவில்ல இருக்கும், பாப்பா?"

"கோவில்ல இருக்கறது இருக்கட்டும். இது எங்க பாட்டி பாத்தது."

தொங்கும் கதிர்களின் ஓரத்தில் அந்த ஒற்றைக் கதிர் விறைத்து நின்றது. தையல் இயந்திரத்துக்குப் போக வேண்டிய கோப்பை அக்கா இன்னும் எடுக்கவில்லை. மென்பொருளின் மேல்மூலையில் மூடும் குறியை அழுத்தினாள். அந்தப் பழைய சாம்பல் பெட்டி முன்னால் வந்து கேட்டது: மாற்றங்களைச் சேமிக்கவா? ஆம், வேண்டாம், ரத்து.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்பதை அழுத்தினாள். கோப்பு மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். எல்லாக் கதிரும் தொங்கின. அதையே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய் தையல் இயந்திரத்தில் செருகி, ரவிக்கைத் துணியைச் சட்டத்தில் பூட்டினாள்.

முதல் ஊசி இறங்கும் சத்தம் கேட்டதும் நான் திரைக்குத் திரும்பினேன். கோப்பின் பெயருக்கு நேரே, கடைசியாக மாற்றிய தேதி என்ற இடத்தைப் பார்த்தேன். அந்தத் தை மாதத்துத் தேதியே இருந்தது. ஊரிலிருந்து அக்கா கதிரோடு பஸ்ஸில் வந்து இறங்கிய நாள். அதற்குப் பின் யாரும் தொடவில்லை.